குயர் இலக்கியத்துக்குத் தனி இதழ் எதற்கு, புதிய இதழை எங்கிருந்து படிப்பது?

கேள்வி: குயர் (தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர் போன்றோரின்) இலக்கிய இதழ் ஒன்றின் புதிய இதழ் கைக்கு வந்திருக்கிறது. கதை, கவிதை, கட்டுரை, ஒரு நேர்காணல் என்று எல்லா இலக்கிய இதழ்களையும் போலத்தான் இருக்கிறது. இப்போது பொது இதழ்களே குயர் எழுத்தாளர்களை வெளியிடும்போது தனியாக ஓர் இதழ் எதற்கு? இதை எப்படிப் படிப்பது? நானும் எழுதுகிறேன். அனுப்புவதாக இருந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. அதனால் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கதையில் இரண்டு பெண்கள் காதலிக்கிறார்களா, இரண்டு ஆண்கள் காதலிக்கிறார்களா என்று பார்த்து ஓர் இதழைக் குயர் இதழ் என்று சொல்வது மேலோட்டமான கணக்கு. அந்தக் கதை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். பொது இதழுக்கு எழுத உட்காருகிறவருக்கு, படிப்பவருக்கு இதெல்லாம் புதிது என்ற நினைப்பு கூடவே வந்துவிடுகிறது. யாரும் அவரை அப்படி எழுதச் சொல்வதில்லை. முதல் பக்கத்தில் விளக்கம், அடுத்த பக்கத்தில் நியாயம், அதற்கடுத்ததில் சமூகத்துக்கு ஒரு வேண்டுகோள். கதை தொடங்குவதற்குள் பாதித் தாள் தீர்ந்துவிடும்.

ஓர் இதழுக்கு வரும் படைப்புகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருப்பதால் இந்த வேறுபாடு எனக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். மாதிரிக்கு இரண்டு தொடக்கங்களை நானே எழுதிக் காட்டுகிறேன்.

முதலாவது: “நான் ஒரு பெண். எனக்குப் பெண்கள்மீதுதான் ஈர்ப்பு என்பது பள்ளி நாட்களிலேயே தெரிந்துவிட்டது. இந்த உலகம் எங்கள் காதலைப் புரிந்துகொள்ளாது என்று தெரிந்தும் நான் மீராவைக் காதலித்தேன்.”

இரண்டாவது: “வீடு மாறிய அன்று பெட்டிகளில் என் பெயரையும் அவள் பெயரையும் எழுதி ஒட்டிய சீட்டுகள் அப்படியே இருந்தன. ஆறு வருடமாக யாரும் கிழிக்கவில்லை. இன்று மீரா தன் பெயர் இருந்த பெட்டிகளை மட்டும் வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.”

இரண்டிலும் ஆட்கள் அதே ஆட்கள். முதலாவதில் கதைசொல்லி, எதிரே இருப்பவர் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். இரண்டாவதில் ஒரு பிரிவு நடந்துகொண்டிருக்கிறது. சொல்பவளும் பெண்தான் என்பது கதை போகிற போக்கில் தெரிந்துவிடும், அதற்கென்று ஒரு வரி ஒதுக்க வேண்டியதில்லை. முதல் மாதிரித் தொடங்கி அருமையாக முடிந்த கதைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் படிப்பவர் கூடவே வருவார் என்ற தைரியம் இருந்தால்தான் இரண்டாவது மாதிரி எழுதத் தோன்றும். அந்த வாசகரை முன்கூட்டியே திரட்டி வைத்திருப்பதுதான் தனி இதழ் எழுத்தாளருக்குச் செய்யும் பெரிய உதவி.

இன்னொன்றும் இருக்கிறது. பொது இதழ் எப்போதோ ஒரு குயர் கதை போடும்போது அந்த ஒரு கதை எல்லோர் சார்பிலும் பேச வேண்டிய கட்டாயத்தில் மாட்டிக்கொள்கிறது. நாயகன் நல்லவனாக இருக்க வேண்டும், பாவப்பட்டவனாக இருக்க வேண்டும், முடிந்தால் கடைசியில் செத்தும் போக வேண்டும். ஒரே இதழில் பதினைந்து பேர் எழுதும்போது அந்தச் சுமை யார் தலையிலும் இல்லை. துணையை ஏமாற்றும் திருநம்பி, வாய் ஓயாமல் பொய் சொல்லும் லெஸ்பியன் கணக்காளர், முன்னாள் காதலனிடம் வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு அலையும் கிழவர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். குயர் ஆட்களை அயோக்கியர்களாக எழுதும் சுதந்திரம் குயர் இதழ்களில்தான் முழுசாகக் கிடைக்கிறது. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

இந்த வாசகரைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த இதழ்களின் வரலாறு முழுக்க நடந்த வேலை. அரசுகள் கைவைத்ததும் பெரும்பாலும் அங்கேதான். எழுதியவரை விட்டுவிட்டு, எழுத்து போய்ச் சேரும் வழியை மறித்தார்கள்.

1947இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததைப் பாருங்கள். பின்னாளில் லிசா பென் என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஓர் இளம்பெண் அங்கே திரைப்பட நிறுவனம் ஒன்றில் செயலராக இருந்தார். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரியக் கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. சரி என்று அவர் அலுவலகத் தட்டச்சு இயந்திரத்திலேயே ‘வைஸ் வெர்சா’ என்ற லெஸ்பியன் இதழைத் தொடங்கிவிட்டார். தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து முழு இதழையும் ஒரு தடவை அடிப்பார். அப்புறம் மறுபடி கார்பன் வைத்து முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை. இப்படிப் பத்துப் பன்னிரண்டு பிரதிகள். கதை, கவிதை, நூல் விமர்சனம், திரைப்பட விமர்சனம், வாசகர் கடிதம் எல்லாம் உண்டு. எழுதியவர் பெயர் மட்டும் எங்கும் கிடையாது. முதலில் தபாலில் அனுப்பினார். இது மாட்டிக்கொள்ளும் சமாச்சாரம் என்று எச்சரிக்கை வந்ததும் நேரில் கொடுக்க ஆரம்பித்தார். படித்து முடித்தவர் அடுத்தவரிடம் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 1948 பிப்ரவரி வரை ஒன்பது இதழ்கள் வந்தன.

ஐரோப்பாவில் இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். பெர்லினில் அடோல்ஃப் பிராண்ட் 1896இல் தொடங்கிய ‘டெர் ஐகனெ’ சில ஆண்டுகளிலேயே ஆண்களின் தன்பாலீர்ப்புக்கான இலக்கிய, கலை இதழாக மாறி, இடைவெளி விட்டு விட்டு 1930களின் தொடக்கம்வரை வந்தது. அதன்மீது ஆபாச வழக்கு போட்டபோது நடந்த ஒரு கூத்தை அந்த இதழைப் பற்றிப் பேசுகிறவர்கள் விடாமல் சொல்வார்கள். வழக்கில் சிக்கிய கவிதை ஒன்றின் ஆசிரியர் ஃப்ரீட்ரிஷ் ஷில்லர் என்று பிறகுதான் தெரிந்தது. ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் கவிஞர்! அதே வரிகளை வேறு வாசகருக்காக வேறு அட்டைக்குள் வைத்ததும் அவை குற்றமாகத் தெரிந்திருக்கின்றன.

நாஜிகள் வந்ததும் ஜெர்மனியில் எல்லாம் முடிந்தது. ஜூரிக்கில் 1932இல் தொடங்கிய ஒரு சின்ன இதழ் மட்டும் போர்க்காலம் முழுக்கத் தாக்குப்பிடித்தது. ஆரம்ப ஆண்டுகளில் அதைத் தூக்கிச் சுமந்தவர் அன்னா ஃபோக் என்ற பெண். பிறகு கார்ல் மையர் என்ற நாடக நடிகர், ரோல்ஃப் என்ற பெயரில் ஆசிரியரானார். 1943 முதல் அதன் பெயர் ‘டெர் கிரைஸ்’, அதாவது வட்டம். முதலில் ஜெர்மன், கூடவே பிரெஞ்சு, 1950களில் ஆங்கிலமும் சேர்ந்து மூன்று மொழிகளில் 1967 வரை வந்தது. சந்தாதாரர்களுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த இதழ் அது.

அந்த ஜூரிக் இதழின் சிறு விளம்பரம் ஒன்று அமெரிக்காவில் ஒரு வழக்குக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ‘ஒன்’ என்ற இதழ் 1953 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. 1954 அக்டோபர் இதழைத் தபாலில் அனுப்ப முடியாது என்று அந்நகரத் தபால் அதிகாரி நிறுத்திவைத்தார். அந்த இதழின் அட்டைக் கட்டுரையே எதையெல்லாம் அச்சிட முடியாது என்று வழக்கறிஞர் விளக்குவதுதான். தபால் துறைக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்ததாகத் தெரியவில்லை. குற்றமாகச் சொன்னவை மூன்று: ஒரு சிறுகதை, ஒரு நையாண்டிக் கவிதை, அந்த ஜூரிக் இதழின் விளம்பரம். சிறுகதையில் படுக்கையறைக் காட்சி எதுவும் கிடையாது. ஓர் இளம்பெண், தன்னை மணக்க விரும்பும் ஆணை விட்டுவிட்டு ஒரு பெண்ணுடன் இருக்க முடிவு செய்கிறாள், அவ்வளவுதான். அவள் தண்டிக்கப்படாமல் தப்பித்ததுதான் உறுத்தியது என்று நான் நினைக்கிறேன். விளம்பரம் மாட்டியதற்குக் காரணம், ஆபாசம் கிடைக்கும் இடத்துக்கு அது வழி சொல்கிறதாம். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் தபால் துறை பக்கமே நின்றன. 1958 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல், சில வரிகளில் அந்தத் தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் ஒரு குயர் கதையைத் தபால் தலை ஒட்டி நிம்மதியாக அனுப்ப முடிந்தது.

பிரிட்டனில் வேறு மாதிரி. ‘கே நியூஸ்’ பத்திரிகை 1976இல் ஏசுவைப் பற்றிய ஒரு கவிதையை வெளியிட்டது. அதற்காக ஆசிரியர்மீதும் பத்திரிகைமீதும் 1977இல் தெய்வ நிந்தனைக் குற்றம் நிரூபணமானது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாக யாரும் தொடாமல் கிடந்த சட்டம் அது. இங்கிலாந்தில் அதை நீக்கியது 2008இல்தான்.

வாசகரின் பெயரையும் முகவரியையும் காப்பாற்றும் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை ‘தி லாடர்’ இதழுடையது. டாட்டர்ஸ் ஆஃப் பிலிடிஸ் என்ற லெஸ்பியன் அமைப்பு 1956 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அதைத் தொடங்கியது. சைக்ளோஸ்டைல் மாதிரியான கைப்பொறியில் அடித்த 175 பிரதிகள்தான் முதல் இதழ். ஆசிரியர் ஆன் ஃபெர்கூசன் இரண்டாவது இதழில் ‘உங்கள் பெயர் பத்திரமாக இருக்கிறது’ என்று ஒரு கட்டுரையே எழுதினார். சந்தா பட்டியலை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக்கூட மேற்கோள் காட்டினார். இதில் வேடிக்கை என்னவென்றால் ஆன் ஃபெர்கூசன் என்று யாருமே கிடையாது. அது ஃபில்லிஸ் லயன் வைத்துக்கொண்ட புனைபெயர். வாசகரைப் பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு நாம் ஒளிந்துகொண்டிருக்கிறோமே என்று அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். 1957 ஜனவரி இதழில் ஆன் ஃபெர்கூசன் இறந்துவிட்டதாக அறிவித்துவிட்டுச் சொந்தப் பெயரில் எழுதத் தொடங்கினார்.

அதே 1957இல் அந்த இதழுக்கு முதலெழுத்துகள் மட்டும் போட்டு இரண்டு நீண்ட வாசகர் கடிதங்கள் வந்தன. எழுதியவர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி. இரண்டு வருடம் கழித்து பிராட்வேயில் நாடகம் அரங்கேறிய முதல் கறுப்பினப் பெண் என்று கொண்டாடப்பட்டவர். அந்தக் கடிதங்கள் அவருடையவை என்பது வெளியே தெரிந்தது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான். பழைய இதழ் கிடைத்தால் நான் முதலில் வாசகர் கடிதப் பக்கத்தைத் திருப்புவதற்கு இது ஒரு காரணம்.

1970இல் அதே ‘தி லாடர்’ இரண்டாக உடைந்தது. அமைப்பின் தலைவரும் இதழின் ஆசிரியர் பார்பரா கிரியரும் சேர்ந்து சுமார் 3,800 பேர் கொண்ட சந்தாப் பட்டியலை அமைப்பிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திருட்டு என்றார்கள் சிலர், இதழைக் காப்பாற்றியது என்றார்கள் சிலர். இதழ் 1972 வரைதான் ஓடியது. ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் கிரியர் அடுத்து நையாட் பிரஸ் என்ற பதிப்பகத்தைக் கிளப்பினார், லெஸ்பியன் நாவல்களை வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்கள் என்று நிரூபித்தார். காவல்துறைக்கும் பட்டியலின் மதிப்பு தெரியும். டொராண்டோவின் ‘தி பாடி பாலிடிக்’ அலுவலகத்தை 1977 டிசம்பர் கடைசியில் சோதனை போட்டபோது சந்தாதாரர் பட்டியலையும் சேர்த்துத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் புதுச் சிக்கல். ‘ஆன் அவர் பேக்ஸ்’ என்று 1984இல் தொடங்கிய லெஸ்பியன் காமக்கலை இதழை ஒரு நிறுவனம் முழுவதுமாக ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டது. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் அதில் படம் கொடுத்த பெண்கள் ஒப்புக்கொண்டது சில ஆயிரம் பேர் மட்டும் கையில் வைத்துப் பார்க்கும் ஓர் அச்சிதழுக்கு. உலகமே தேடி எடுக்கும் தரவுத்தளத்துக்கு அல்ல. நூலகர் ஒருவர் இதை எடுத்துச் சொல்லி விவாதமானதும் 2016இல் அந்தத் தொகுப்பை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வாசகர் மாறும்போது எழுத்தின் பொருளும் ஆபத்தும் மாறுகின்றன என்பதை, ஷில்லர் கவிதையில் ஒரு பக்கமும் இதில் மறுபக்கமுமாகப் பார்க்கலாம். உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்று அனுப்புவது பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் புதிய இதழுக்கு வருவோம்.

தலையங்கத்தை முதலில் படிக்காதீர்கள். தலையங்கங்கள் பெரும்பாலும் கொள்கை விளக்கமாகத்தான் இருக்கும், என்னுடையது உட்பட. நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போய் பங்களிப்பாளர் குறிப்புகளைப் பாருங்கள். எத்தனை பேர் முதல் தடவை அச்சில் வருகிறார்கள்? எத்தனை பேர் புனைபெயரில்? எல்லோரும் ஒரே நகரமா, ஒரே வயதா, ஒரே மாதிரிப் படித்தவர்களா? குயர் என்ற பெயரில் நகரத்துப் படித்த ஆண்கள் மட்டும் எழுதும் இதழ்கள் எல்லா நாட்டிலும் வந்திருக்கின்றன, இன்றும் வருகின்றன. திருநர் எழுத்து கேலிப் பொருளாகவோ பேட்டிப் பொருளாகவோ மட்டும் இருக்கிறதா, கதை, கவிதைப் பகுதியிலும் இருக்கிறதா என்று பார்த்தாலே அந்த ஆசிரியர் குழுவைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

இந்த விஷயத்தில் 1970களின் பெண்கள் நல்ல வழி காட்டினார்கள். புரூக்ளினிலிருந்து வந்த ‘கண்டிஷன்ஸ்’ தன் ஐந்தாவது இதழை 1979இல் கறுப்பினப் பெண்கள் சிறப்பிதழாக்கியது. ஆசிரியர் குழு தானே உட்கார்ந்து நான்கு கறுப்பினக் கவிஞர்களைத் தேடிச் சேர்க்கவில்லை. பார்பரா ஸ்மித், லொரெய்ன் பெத்தெல் இருவரிடமும் முழு இதழையும் ஒப்படைத்துவிட்டது. அதுதான் விரிந்து 1983இல் ஒரு தனி நூலாகவும் வந்தது. 1976இல் வட கரோலைனாவில் இரண்டு பெண்கள் தொடங்கிய ‘சினிஸ்டர் விஸ்டம்’ இதழும் 1983இல் வட அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்களின் எழுத்துக்கென்று ஓர் இதழை ஒதுக்கியது. தொகுத்தவர் பெத் பிராண்ட், மொஹாக் இனத்தவர். அந்த இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது, சிறையில் இருக்கும் பெண்களுக்கு இலவசமாகவும் போகிறது. சிறப்பிதழ் வந்தால் யார் தொகுத்தது என்று பாருங்கள். வழக்கமான ஆசிரியரே விருந்தினரைக் கூப்பிட்டு இடம் ஒதுக்கியிருந்தால் அதன் சுவை வேறு, சாவியையே கொடுத்திருந்தால் வேறு.

அடுத்து, கதைகளைப் படிக்கும்போது ஒரு சின்னப் பரிசோதனை. கதையில் வருபவர்களின் பாலீர்ப்போ பாலினமோ தெரியவரும் இடத்தில் கதை நின்று மூச்சு வாங்குகிறதா? அங்கே ஓர் அதிர்ச்சி, ஒரு கண்ணீர், ஓர் இடைவெளி வருகிறதா? அப்படியானால் அந்தக் கதை வேறு யாரையோ பார்த்துப் பேசுகிறது. தெரிந்த விஷயத்தைத் தாண்டி அது எங்கே போகிறது என்று பாருங்கள். முதுமை, கடன், பொறாமை, நோயாளித் துணையைப் பார்த்துக்கொள்ளும் அலுப்பு, பத்து வருடத்துக்குப் பிறகும் ஒன்றாகத் தூங்குவதில் இருக்கும் சின்னச் சண்டைகள். இப்படிப்பட்ட ஒரு கதையாவது இருந்தால் அந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்பது என் அளவுகோல்.

தன் பாலீர்ப்பையோ பாலினத்தையோ வீட்டில் சொல்லும் கதையை நான் கேவலமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு வருவதில் பெரும்பகுதி அதுதான்: அம்மாவிடம் சொன்னேன், அம்மா அழுதாள், கண்ணாடி முன் நின்றேன். ஒவ்வொருவரும் அதை முதல் தடவையாகத்தான் அனுபவிக்கிறார்கள், எழுதாமல் இருக்கவும் முடியாது. ஆனால் நல்லதும் கெட்டதும் பிரிவது தகவலில்தான். அம்மா அழுதாள் என்பது யாருக்கும் நினைவில் நிற்காது. அம்மா கேட்டுவிட்டு, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சட்டையை மடிக்காமல் அதையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்றால் நிற்கும்.

கவிதைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சத்தமாகப் படித்துப் பாருங்கள். முழக்கமாக ஒலித்தால் அதைக் கூட்டத்தில் வாசித்தபோது நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போகலாம்.

சரி, அனுப்புவது. அந்த இதழின் இரண்டு பழைய இதழ்களையாவது படித்துவிட்டு அனுப்புங்கள், சொற்களின் எண்ணிக்கை, எழுத்துரு பற்றிக் கேட்டதை மதியுங்கள் என்பதெல்லாம் எந்த இதழுக்கும் பொருந்தும். குயர் இதழுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை வேறு.

புனைபெயரில் எழுதுவதானால் முழுசாகப் புனைபெயரில் எழுதுங்கள். இதற்கு நல்ல பரம்பரை உண்டு. ஜப்பானில் உறுப்பினர்களுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த ‘அடோனிஸ்’ இதழின் இணைப்பிதழில் 1960இல் யுகியோ மிஷிமாவே வேறு பெயரில் ஒரு கதை எழுதினார். இன்றைக்கு ஆள் மாட்டுவது கதையால் அல்ல, கோப்பால். வேர்டு கோப்பின் உள்விவரத்தில் கணினி உரிமையாளரின் பெயர் பதிந்திருக்கும். ‘திருத்தங்களைக் காட்டு’ வசதியில் பழைய குறிப்புகள் பெயரோடு நிற்கும். மின்னஞ்சல் கணக்கில் முழுப்பெயரும் புகைப்படமும் இருக்கும். சன்மானம் வங்கிக் கணக்கில் உள்ள பெயருக்குத்தான் வரும் என்பதால் ஆசிரியருக்கு உங்கள் உண்மைப் பெயர் தெரிந்தே தீரும். யாருக்கெல்லாம் தெரியும், எங்கே எழுதி வைப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் ஆசிரியருக்கு அனுப்ப வேண்டாம். பங்களிப்பாளர் குறிப்பில் ஊர், வேலை, படித்த கல்லூரி மூன்றையும் போட்டுவிட்டுப் புனைபெயர் வைத்துப் பயனில்லை, தெரிந்தவர்கள் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அச்சில் மட்டுமா, இணையத்திலுமா, பின்னால் தொகுப்பு நூலிலுமா, ஆவணக் காப்பகத்திலுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன ஸ்கேன் விவகாரத்தின் பாடம் இதுதான். நல்ல இதழ்கள் முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை உங்களிடமே விட்டுவிடும். இணையத்தில் வந்ததை வருங்காலத்தில் எடுக்கச் சொன்னால் எடுப்பார்களா என்பதையும் கேளுங்கள். எடுத்தாலும் நகல்கள் எங்காவது இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே அனுப்புங்கள்.

கட்டுரையோ தன்வரலாறோ என்றால் இன்னொரு ஆளும் அதில் இருக்கிறார் என்பதை மறக்காதீர்கள். நீங்கள் வெளியே சொல்லிவிட்டீர்கள், உங்கள் முன்னாள் காதலர் சொல்லவில்லை. பெயரை மாற்றுவது போதாது. அவர் வேலை, அவர் ஓட்டிய வண்டி, நீங்கள் பிரிந்த வருடம் மூன்றும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இந்த விஷயத்தில் ஆசிரியர் கேள்வி கேட்டால் தணிக்கை என்று கோபப்படாதீர்கள். நான் பிடிவாதமாக இருக்கும் ஒரே இடம் இது. வரிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அப்படிப்பட்ட கட்டுரையை மாற்றாமல் போடமாட்டேன்.

திருப்பி அனுப்பினால் உடைந்துபோக வேண்டாம். சின்ன இதழ்களில் பக்கம் குறைவு, ஆட்கள் குறைவு, எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் படிக்கிறவர்கள். இதழ் தாமதமாக வரும், பதிலும் தாமதமாக வரும். இரண்டு மூன்று இதழோடு நின்று போவதும் சகஜம். ஆகவே நீங்கள் விரும்பும் இதழ் என்றால் பிரதியை நண்பரிடம் இரவல் வாங்காமல் காசு கொடுத்து வாங்குங்கள். ‘தி லாடர்’ போன்றவை இன்றும் ஆய்வாளர்கள் கையில் கிடைப்பதற்குக் காரணம், யாரோ அவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் படுக்கைக்கு அடியில் பத்திரப்படுத்தியதும், பிறகு நியூயார்க்கில் 1970களில் தொடங்கிய லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ் போன்ற காப்பகங்களுக்கு அவை போய்ச் சேர்ந்ததும்தான். எய்ட்ஸ் காலத்தில் இளம் வயதிலேயே இறந்துபோன கவிஞர்கள் சிலருக்குப் புத்தகம் என்று ஒன்று வரவேயில்லை, சிற்றிதழ்ப் பக்கங்கள்தான் அவர்களுடைய மொத்த எழுத்து.

நீங்கள் குயரா இல்லையா என்று கேள்வியில் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. படிப்பதற்கு யாரும் கேட்கமாட்டார்கள். எழுதுவதற்குச் சில இதழ்கள் தங்களுக்குள் வரையறை வைத்திருக்கும், அதை அழைப்பிலேயே போட்டிருப்பார்கள். தெளிவாக இல்லையென்றால் ஒரு வரி எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். படைப்பு அனுப்பத் தயக்கமாக இருந்தால் முதலில் ஒரு வாசகர் கடிதம் அனுப்புங்கள். எந்தக் கதை பிடித்தது, எந்த வரியில் நின்றுவிட்டீர்கள், எது பிடிக்கவில்லை என்று இருந்தால் போதும், பாராட்டுரை வேண்டாம். முதலெழுத்துகள் மட்டும் போட்டு அனுப்பினாலும் பெரும்பாலான ஆசிரியர்கள் வெளியிடுவார்கள்.